வலம் சுற்றும் ஏணி

மாத்தளை
3 பெப்ரவரி 1969

அன்புள்ள சரோ,

உங்கள் பாடநூல் குழுவின் பரீட்சார்த்தப் பதிப்பு நேற்று எங்கள் பாடசாலைக்கு வந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டு, "உங்க சிநேகிதி பேரு போட்டு வந்திருக்குது, பாருங்க" என்று கையில் தந்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? புகுமுக வகுப்புக்குத் தமிழில் டி.என்.ஏ. பற்றி முதல்முதலாக ஒரு அத்தியாயம், அதை எழுதியது என்னோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் ஒரே மேசையில் இருந்தவள்! நின்றபடியே வாசிக்கத் தொடங்கினேன்.

ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

அந்தப் படத்தில் இருப்பது நான் செய்த டி.என்.ஏ. மாதிரி. என் கூடப்பிறந்த சாலிஹ் நானாவின் தையல் கடையில் இருந்து பொறுக்கிய நூல்கட்டைகள், நாலு நிறச் சட்டைப் பொத்தான்கள், நடுவில் இரும்புக் கம்பி, முறுக்கிய ஏணிபோல. நீ மாத்தளையை விட்டுப் போகும் முன் எங்கள் ஆய்வுகூடத்தில் நின்று எடுத்த படம். கீழே எழுதியிருப்பது: "மாதிரியும் விளக்கமும்: செல்வி தி. சரோஜினிதேவி."

விளக்கம் உன்னுடையது, நல்ல விளக்கம். மாதிரி?

ஏதோ அச்சுப் பிழை என்று நீ எழுதுவாய் என்று எதிர்பார்க்கிறேன். அச்சுப் பிழை இன்னொன்றும் இருக்கிறது. படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழுந்திருக்கிறது. மூலையில் கம்பியைப் பிடித்திருக்கும் என் கையைப் பார். கைக்கடிகாரம் வலக்கையில் இருக்கிறது. நான் என்றைக்கு வலக்கையில் கடிகாரம் கட்டினேன்? கடிகாரம் எப்படிப் போனாலும் பரவாயில்லை. கூடவே சுருளும் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. டி.என்.ஏ. வலப்பக்கமாகத்தான் சுற்றும். உடனே திருத்தச் சொல்.

மஸூதா


கொழும்பு
11 பெப்ரவரி 1969

அன்புள்ள மஸூதா,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் வேலை. அறுபது பாடசாலைகளுக்குப் பொதி கட்டி அனுப்புவதும் எங்கள் தலையில்தான்.

பெயர் விஷயம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு பெயர் என்பது இங்கே விதி. அதை வகுத்தது நான் அல்ல. முப்பத்திரண்டு பக்கம் எழுதியவள் நான். கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் குழுவோடு மல்லுக்கட்டியவள் நான். அதில் ஒரு படம் உன்னுடைய மாதிரி. நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைத்தேன். மாத்தளையில் மூலையில் கிடந்த ஒன்று இன்றைக்கு அறுபது பாடசாலைக்குப் போயிருக்கிறது.

படம் திரும்பியதை அச்சுக்கூடத்தில் கேட்டேன். பிலிமைப் பின்பக்கமாக வைத்துவிட்டார்களாம். இடமோ வலமோ, ஏணி ஏணிதானே, பிள்ளைகளுக்கு அது பெரிய வித்தியாசமில்லை என்கிறார் எங்கள் தலைவர். இறுதிப் பதிப்பில் முடிந்தால் பார்ப்போம்.

இதை மனதில் வைத்திருக்காதே.

சரோ


மாத்தளை
17 பெப்ரவரி 1969

சரோ,

மனதில் வைத்திருக்காதே என்று நீ எழுதிய கடிதத்தோடு அதே தபாலில் உன் அலுவலகத்தில் இருந்து இன்னொரு கடிதமும் வந்தது. அத்தியாயம் எழுதும் ஆசிரியர் பட்டறைக்கு நான் டிசம்பரிலேயே விண்ணப்பித்திருந்தேன். என் மாதிரியின் வரைபடமும் செய்முறையும் இணைத்திருந்தேன். பதிலை அப்படியே எழுதுகிறேன்: "தாங்கள் இணைத்துள்ள மாதிரி, செல்வி சரோஜினிதேவி அவர்களின் அத்தியாயக் கைப்பிரதியைப் பார்த்துச் செய்யப்பட்டதெனத் தெரிவதால், சொந்த ஆக்கமாக ஏற்க இயலாது."

ஒரு பிரதி அதிபருக்கும் போயிருக்கிறது. ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது கேட்டார்.

"நீங்க பாத்துத்தான் செஞ்சீங்களா, மஸூதா?"

"நான் செஞ்சதைப் பாத்துத்தான் அவங்க புத்தகம் செஞ்சாங்க" என்றேன்.

அதிபருக்கு அது போதவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். களவெடுத்தவள் என்ற பெயர் எனக்கு!

இனி இடம், வலம் பற்றி. நடுக் கம்பிக்குத் துளை போட்டுத் தந்த மாடசாமியை உனக்கு ஞாபகம் இருக்கும். பலாபத்வலப் பக்கம் றப்பர் பக்டரியில் ஃபிட்டர். ஒரு சுற்றுக்குப் பத்துப் படி வேண்டும் என்று சொன்னபோது, "வலது மரையா, இடது மரையா டீச்சர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகவே பஸ் ஏறிப் பேராதனை நூலகத்துக்குப் போய்ப் பார்த்து வந்தேன். வலது. ஸ்குரூ ஆணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார். அதன் மரை சுற்றுகிற அதே பக்கம். இடப்பக்கம் சுற்றும் சுருளை எவ்வளவுதான் திருப்பினாலும், தலைகீழாக நிறுத்தினாலும், அது வலப்பக்கம் ஆகாது. எங்கள் உடம்பில் ஒவ்வொரு கலத்திலும் இருக்கும் பொருளைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுக்க உன் தலைவருக்கு யார் அனுமதி தந்தது?

அன்றைக்கு அந்த நூலகத்தில் டி.என்.ஏ.யின் அமைப்பை முதலில் வெளியிட்ட 1953 ஏப்ரல் விஞ்ஞான இதழை மறுபடி எடுத்தேன். நாம் இரண்டாம் வருடத்தில் சேர்ந்து வாசித்த அதே இதழ். மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து. முதலில் வாட்சனும் கிரிக்கும். பிறகு வில்கின்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும். கடைசியில் ரோசலின்ட் பிராங்ளினும் அவரிடம் ஆராய்ச்சி செய்த கோஸ்லிங்கும், அந்த எக்ஸ் கதிர்ப் படத்தோடு. சிலுவை மாதிரிக் கறுப்புப் புள்ளிகள்; அதைப் பார்த்தவுடன் சுருள் என்று தெரிந்துவிடும். பிராங்ளினுக்குத் தெரியாமலே அந்தப் படத்தை வாட்சனுக்குக் காட்டினார்கள். அந்தப் பெண் 1958இல் முப்பத்தேழு வயதில் இறந்துபோனார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் என்று மூன்று ஆண்களுக்கு உலகின் பெரிய விஞ்ஞானப் பரிசு. இறந்தவருக்கு அந்தப் பரிசு கொடுக்கிற வழக்கமில்லை, சரி. உயிரோடு இருந்தபோது ஒருவராவது அவரிடம் போய், "உங்கள் படத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு விளங்கியது" என்று சொன்னார்களா? போன வருடம் இதை எனக்குச் சொல்லிக் கொதித்தவள் யார்? நீ, சரோ. எங்கள் வீட்டு முன் அறையில் தேத்தண்ணீர் ஆறிப்போகும் மட்டும் கொதித்தாய்.

நான் உயிரோடு இருக்கிறேன். அதனால் கேட்கிறேன். மாதிரி யாருடையது என்று உன் தலைவருக்கு எழுது.

மஸூதா


கொழும்பு
28 பெப்ரவரி 1969

மஸூதா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

இங்கே வந்த முதல் நாள் தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நீர் சொந்தமா என்ன செய்தனீர்?" மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள், பத்து வருடம், பதினைந்து வருடம் அனுபவம். என்னிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. பையில் அந்தப் படம் இருந்தது. எடுத்துக் காட்டினேன். உன்னைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "இது நீர் செய்ததோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லுக்கு மேல் ஒன்றொன்றாய் அடுக்கினார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. என் தகுதிகாண் காலம் மே மாதம்தான் முடிகிறது. இப்போது வாயைத் திறந்தால் இந்தக் கதிரையில் இனி ஒரு பெண்ணை இருத்த மாட்டார்கள்.

உனக்கு வந்த அந்தக் கடிதத்தின் நகல் என் மேசை வழியாகத்தான் போனது. வாசித்தேன். பேசாமல் இருந்தேன். இதை நீ வேறு யாரும் சொல்லி அறியக் கூடாது.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். பிராங்ளின் தன் கட்டுரையில் கோஸ்லிங்கின் பெயரையும் போட்டார். நீ விண்ணப்பத்தோடு அனுப்பிய செய்முறையை இங்கே வாசித்தேன். "நான் துளையிட்டேன், நான் கோணம் அளந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். மாடசாமியின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. என்னைக் கேட்கும் கேள்வியை நீ உன்னைக் கேட்டாயா?

சரோ


மாத்தளை
6 மார்ச் 1969

சரோ,

உன் கடிதத்தை வாசித்து, கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. "நான்" என்று பதினொரு இடத்தில் இருக்கிறது. மாடசாமி ஒரு இடத்திலும் இல்லை. களவு என்று நினைத்து எழுதவில்லை. அவர் பெயர் நினைவுக்கே வரவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

நேற்று நானாவையும் கூட்டிக்கொண்டு பக்டரிக்குப் போனேன். மாடசாமி கையைச் சாக்குத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பேரா? எதுக்கு டீச்சர்? நான் ஓட்டைதானே போட்டேன்."

"வலதா இடதான்னு கேட்டது நீங்கதானே. அதைக் கேக்காட்டி நான் புள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் குடுத்திருப்பேன்."

அவர் சாக்குத் துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு சொன்னார்: "மூணாவது சுத்துல ஒரு ஓட்டை கொஞ்சம் தள்ளிப் போச்சுங்க. யாரும் பாக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன். பேரு போடுறதா இருந்தா அந்தக் கம்பி வேணாம். புதுசு ஒண்ணு செஞ்சு தர்றேன்."

புதுக் கம்பி நாளைக்குக் கைக்கு வரும். அதிபருக்குக் கொடுத்த விளக்கத்தில் அவர் பெயரை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

இனி என் விஷயம். உன் தலைவருக்கு நானே எழுதினேன், நேரில் காட்ட வேண்டும் என்று. 19ஆம் திகதி காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மாதிரியோடு வருகிறேன். நீ பேச வேண்டும் என்று கெஞ்ச வரவில்லை. நீ பேசினாலும் பேசாவிட்டாலும் என்னிடம் சொல்ல உண்மை இருக்கிறது. ஆனால் அறையில் நீயும் இருப்பாய். என் முகத்தைப் பார்க்க முடியாது என்று லீவு போட்டுவிடாதே.

மஸூதா


மாத்தளை
22 மார்ச் 1969

சரோ,

ரயிலில் மடியில் மாதிரியை வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த ஒரு அம்மா, "இது என்ன மகள், விளக்கா?" என்று கேட்டார். "நாங்க எல்லாரும் இதுலதான் எழுதப்பட்டிருக்கோம்" என்றேன். நானா வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த அறையில் நடந்ததை எழுதி வைக்கவேண்டும்போல இருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் இருந்த இடத்தில் இருந்து நீ அதைப் பார்க்கவில்லை.

உன் தலைவர் மரியாதையாகத்தான் தொடங்கினார். "சிநேகிதியின் பிரதியைப் பார்த்து மாதிரி செய்தது குற்றமில்லை, செல்வி மஸூதா. அதைச் சொந்தம் எண்டதுதான்..." என்றார். என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. என் இடக்கையில், பெருவிரலுக்குக் கீழே, பேராதனையில் அமிலம் தெறித்த வடு. படத்தில் அதே வடு வலக்கையில் இருக்கிறது. கையைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். மாதிரி யாருடையது என்பதும் படம் திரும்பியது என்பதும் ஒன்றாகவே தெரிந்துவிடும். வரும் வழியெல்லாம் அந்த நிமிஷத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு ருசியாக இருக்கும் என்று.

நான் கையை எடுக்கும் முன் கதிரை ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. நீ நின்றாய்.

"ஐயா, அது அவ செய்தது. நான் சொன்னது பொய்."

"இரும், சரோஜினிதேவி."

"இருக்கேலாது ஐயா. முதல் நாள் நீங்கள் கேட்டபோது ஓம் எண்டு சொன்னன். அது பொய். அவவுக்குப் போன கடிதமும் பிழை. அதுவும் எனக்குத் தெரியும்."

உன் குரல் நடுங்கவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாய்.

அதன் பிறகுதான் நான் வடுவைக் காட்டினேன். எனக்காக அல்ல, சுருளுக்காக. தலைவர் படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து, எங்கிருந்தோ ஒரு ஸ்குரூ ஆணியை எடுத்து மாதிரிக்குப் பக்கத்தில் பிடித்தார். "அப்ப அறுபது பாடசாலைக்கும் பிழையாத்தான் போயிருக்கு" என்றார். "இறுதிப் பதிப்பு இன்னும் அச்சடிக்கயில்லதானே, திருத்தலாம்" என்றேன்.

வெளியே வந்தபோது உன்னைத் தேடினேன். நீ வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகும், இன்னும் முடியவில்லை. ஆனால் நீ எழுந்ததை யாரிடம் சொன்னாலும் நான் தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

மஸூதா


கொழும்பு
9 ஏப்ரல் 1969

அன்புள்ள மஸூதா,

நீ எழுதிய விதத்தில் நான் உண்மையைவிடத் துணிச்சலாகத் தெரிகிறேன். அன்றைக்கு நீ வாசலால் உள்ளே வந்த நேரம் நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. நீ மாதிரியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு பொத்தான் சரிந்திருந்ததை விரலால் நேராக்கினாய். அதைப் பார்த்தேன். அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக என் பெயரில் இருக்கும் மாதிரி, எனக்கே தெரியாது. பிறகு இருந்துகொண்டிருக்க முடியவில்லை.

இங்கே எடுத்த முடிவுகளைச் சொல்கிறேன். உனக்குப் போன கடிதத்தை வாபஸ் வாங்கி, மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்புகிறார்கள். அத்தியாயத்தை மறுபடி எழுதும் பொறுப்பு உன்னுடையது. மே மாதம் முதல் மூன்று மாதம் கொழும்பில் வேலை. என் பெயர் நீக்கப்படுகிறது. என்னைப் பாடசாலைச் சேவைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அவமானமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் எழும்பும்போது நெஞ்சில் இருந்த பாரம் இல்லை.

ஒரு சிக்கல். பதிலுக்கு ஆள் வராமல் உன்னை விட மாட்டேன் என்று உங்கள் அதிபர் எழுதியிருக்கிறார். புகுமுக வகுப்பில் உன்னிடம் படிக்கும் ஏழு பிள்ளைகளுக்கும் இந்த வருடம் சோதனை. இந்த நேரத்தில் தமிழில் உயிரியல் படிப்பிக்கிற ஒரு பட்டதாரியை அவர் எங்கே தேடுவார்?

எந்த ஊர் வேண்டும் என்று இடமாற்றப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணம் என்று எழுதுவேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மாத்தளை என்று எழுதினேன். இன்னும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் உன்னுடையவர்கள். நீ வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன்.

சரோ


தந்தி
மாத்தளை, 12 ஏப்ரல் 1969

படிவத்தைக் கொடு. மஸூதா.


கொழும்பு
20 யூன் 1969

அன்புள்ள சரோ,

உன் பழைய கதிரையில் இருந்து எழுதுகிறேன். ஒரு கால் ஆடுகிறது; நீ ஏன் சொல்லவில்லை? இங்கே என்னை எல்லோரும் பயத்தோடு பார்க்கிறார்கள். நேற்று ஒருவர் தவளையின் படத்தை என்னிடம் கொண்டுவந்து, "இது சரியான பக்கமோ?" என்று கேட்டார்.

அத்தியாயம் முடிந்துவிட்டது. இத்துடன் முழுப் பிரதியும் அனுப்புகிறேன். படம் புதிது, மாடசாமியின் புதுக் கம்பியோடு எடுத்தது, நேராகவே விழுந்திருக்கிறது. "வடிவமைப்பு: மஸூதா. கம்பி வேலை: மாடசாமி." அச்சுத்தாளை அவருக்கு அனுப்பினேன். பக்டரிச் சுவரில் ஒட்டிவிட்டாராம். வரலாற்றுப் பகுதியில் மூன்று கட்டுரைகளையும் பற்றி எழுதியிருக்கிறேன், எழுதிய ஏழு பேரின் பெயரையும் போட்டு, யார் எதைக் கண்டார்கள் என்று. பிராங்ளினுக்கு ஒரு முழுப் பந்தி. பக்கம் கூடிவிட்டது, குறைக்கச் சொன்னார்கள். "தவளையைக் குறைங்க" என்றேன்.

ஒரு டி.என்.ஏ. சுருள் எப்படி இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தன் ஜோடியைத் தானே தேடி முழுமையாகிறது என்று சொல்லும் பகுதிக்கு வந்தபோது நான் என் சொல்லில் எழுதிப் பார்த்தேன். நாலு நாள் எழுதினேன். நீ எழுதியதைவிட நன்றாக வரவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. கடைசியில் உன்னுடையதையே வைத்துவிட்டேன், ஒரு புள்ளி மாற்றாமல், ஆறு பக்கம்.

ஆகவே முதல் பக்கத்தில் இரண்டு ஆசிரியர் பெயர் வர வேண்டும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பெயர் என்று தலைவர் விதியைக் காட்டினார். "அந்த விதியாலதான் இவ்வளவும் நடந்தது, சேர்" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அவ எழுத்தில சம்மதம் தந்தால் போடலாம்" என்றார்.

ஏப்ரலில் உனக்குத் தந்தி அடித்தபோது எனக்குக் கோபம் போயிருக்கவில்லை. பிள்ளைகளுக்காக அடித்தேன். இதைப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை.

சம்மதமா?

மஸூதா


மாத்தளை
27 யூன் 1969

அன்புள்ள மஸூதா,

உன் பிள்ளைகள் எழுவரும் சுகம். உன்னைவிட நான் சத்தம் குறைவு என்று ஒருத்தியும், வீட்டுவேலை கூட என்று ஆறு பேரும் சொல்கிறார்கள். சாலிஹ் நானா கடைக்கு முன்னால் என்னைக் கண்டால் முதல் மாதம் மறுபக்கம் பார்ப்பார். போன கிழமை ஒரு பை நிறைய நூல்கட்டை அனுப்பியிருந்தார். பையில் ஒரு கடதாசித் துண்டு, "ஆய்வுகூடத்துக்கு" என்று மட்டும்.

பிரதியை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் சிவப்புப் பேனாவோடு.

பத்தொன்பதாம் பக்கம். ஏணிப் படியில் ஜோடி சேரும் குவானீனுக்கும் சைற்றோசீனுக்கும் இடையில் இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று எழுதியிருக்கிறாய். அடினீனுக்கும் தைமீனுக்கும் இடையில்தான் இரண்டு. இங்கே மூன்று. முதலில் அந்த அமைப்பைக் கண்டவர்களும் இரண்டு என்றுதான் வரைந்தார்கள். மூன்றாவது இருக்கிறதென்று மற்றவர்கள் பின்னால்தான் காட்டினார்கள். நீ பழைய கட்டுரைகளிலேயே அதிக நாள் இருந்துவிட்டாய்.

இருபத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு வசனம் முடியவே இல்லை. மூன்றாய் வெட்டியிருக்கிறேன். கோபித்தால் திருப்பி ஒட்டிக்கொள்.

மூன்றாவது பிணைப்பைப் படத்திலும் போடு. போட்ட பக்கத்தை எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன். பிழையுள்ள புத்தகத்தில் என் பெயர் வர இனி விடமாட்டேன்.

சம்மதம்.

சரோ